"சொட்டுதுங்களா?" என்று கேட்கப் பழகுவது: சிறுநீர், மலம், இடுப்புத்தளப் பராமரிப்பை மருத்துவப் பணியாளர்களுக்குக் கற்றுத்தர ஒரு முழுமையான வழிகாட்டி

என் பெரியம்மா சேலம் அம்மாபேட்டையில் தறி நெய்தவர். ஐம்பது வயதுக்கு மேல் கல்யாண வீடுகளுக்கு வருவதையே விட்டுவிட்டார். கேட்டால் முழங்கால் வலி என்பார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்கப் போய்க்கொண்டுதான் இருந்தார். அத்தனை வருடத்தில் ஒரு நர்சும் ஒரு டாக்டரும் அவரிடம் சிறுநீர் சொட்டுகிறதா என்று கேட்கவில்லை. நர்சிங் படித்து முடித்து வந்த நானும் கேட்கவில்லை. ஒருநாள் அவர் பாயைச் சுருட்டும்போது தற்செயலாகப் பார்த்துத்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. "இதைப் போயி யாருகிட்ட சொல்றது கண்ணு" என்றார்.

அவர் சொல்லாததற்குக் காரணம் வெட்கம். நாங்கள் கேட்காததற்குக் காரணம், எப்படிக் கேட்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தராதது. இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது காரணத்துக்காக எழுதியது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலர், வார்டு சிஸ்டர், நர்சிங் கல்லூரி ஆசிரியர், பிசியோதெரபிஸ்ட் என, தன்னோடு வேலை செய்பவர்களைப் பழக்க நினைக்கும் யாரும் இதை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். சேலம் நகரத்தையும் ஏற்காடு மலையையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

யாரை அழைப்பது, எந்த நாளில்

ஒரு குழுவுக்கு 12 பேர் போதும். அதற்கு மேல் போனால் பேச வெட்கப்படுபவர்கள் பின்வரிசையில் ஒதுங்கிவிடுவார்கள். கிராம சுகாதார செவிலியர், ஸ்டாஃப் நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் என்று கலந்து அழையுங்கள். வார்டு ஆயாக்களைக் கட்டாயம் அழையுங்கள். யூரின் பையைக் காலி செய்பவர் அவர், நனைந்த பெட்ஷீட்டை மாற்றுபவர் அவர், பெரியவர் இரண்டு நாளாக வெளிக்குப் போகவில்லை என்பது முதலில் தெரிவதும் அவருக்குத்தான். அவரை விட்டுவிட்டு நடத்துவது பாதிப் பயிற்சி.

ஒரே நாளில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். ஒரு வார இடைவெளியில் இரண்டு அரை நாட்கள், அப்புறம் மூன்றாவது மாதத்தில் ஓர் அரை நாள். புதன்கிழமை தடுப்பூசி நாள், அன்று கிராம செவிலியர்கள் வர முடியாது. மலையில் வேலை செய்பவர்களைக் கீழே வரச் சொல்லாமல் நீங்கள் மேலே போங்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்து, சேலம் வந்து, மாலை பஸ்ஸைப் பிடிக்க மூன்று மணிக்கே எழுந்துகொள்பவரால் எதையும் நிதானமாகக் கற்க முடியாது.

முதல் வீட்டுப்பாடம்: தன் சிறுநீரைத் தானே அளப்பது

பயிற்சிக்கு ஒரு வாரம் முன்பே இதைக் கொடுத்துவிடுங்கள். பங்கேற்பவர் ஒவ்வொருவரும் மூன்று நாட்கள் ஒரு குறிப்பு எழுதிவர வேண்டும். எத்தனை மணிக்கு என்ன குடித்தேன், எவ்வளவு. எத்தனை மணிக்குச் சிறுநீர் கழித்தேன், எத்தனை மி.லி.; அவசரமாக ஓடினேனா; சொட்டியதா. அளக்க, அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜக் போதும். மூன்றில் ஒரு நாளாவது வேலை நாளாக இருக்க வேண்டும்.

முதல் வகுப்பில் இந்தக் காகிதங்களை மேசைமேல் வைத்ததும் அறையின் தன்மையே மாறிவிடும். காலை ஏழரைக்கு வார்டுக்குள் நுழைந்த நர்ஸ் மதியம் இரண்டரை வரை ஒருமுறைகூடப் பாத்ரூம் போகாதது அங்கே எழுத்தில் இருக்கும். அவர் குடித்ததும் இரண்டு டீதான். நோயாளிக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர் தன் உடம்பிலிருந்தே தொடங்குகிறார். யாருடைய காகிதத்தையும் உரக்கப் படிக்காதீர்கள். அவரவர் கையிலேயே இருக்கட்டும்.

இப்போது ஒப்பிட்டுப் பார்க்க எண்களைச் சொல்லுங்கள். வளர்ந்தவரின் சிறுநீர்ப்பை சுமார் 400 முதல் 500 மி.லி. வரை தாங்கும். 150, 200 மி.லி. சேரும்போதே முதல் உணர்வு வந்துவிடும். பகலில் 6 முதல் 8 முறை போவது வழக்கம். இரவில் ஒருமுறை எழுவது இயல்பு. ஒவ்வொரு முறையும் 80, 100 என்றே போகிறவருக்கும், 700 வரை தேக்கிவைத்துப் போகிறவருக்கும் பிரச்சினை வேறு வேறு. மூன்று நாள் குறிப்பில் இது பளிச்சென்று தெரியும்.

கூடவே ஒரு சின்னச் செய்முறை. வருகிறவர்களைத் தங்கள் வீட்டு டம்ளரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். 50 மி.லி. சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு டம்ளரையும் நிரப்புங்கள். ஒரு சில்வர் டம்ளர் இரண்டு சிரிஞ்சில் விளிம்பைத் தொடும். இன்னொன்று ஐந்து சிரிஞ்சு வாங்கியும் இன்னும் கொஞ்சம் கேட்கும். "ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் தண்ணி குடிங்க" என்று நாம் சொல்வதில் எவ்வளவு குழப்பம் இருக்கிறது என்பது விளக்காமலே புரிந்துவிடும். அதன் பிறகு அவர்கள் நோயாளியின் வீட்டுக்குப் போனால் முதலில் டம்ளரை அளந்துவிட்டுத்தான் எழுதுவார்கள்.

கேட்கும் சொல்லைக் கண்டுபிடிப்பது

முழுப் பயிற்சியிலும் அதிக நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். முதல் அரை நாளில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள்.

கரும்பலகையில் எல்லோரையும் எழுதச் சொல்லுங்கள்: உங்கள் ஊரில் இதற்கு என்ன சொல்கிறார்கள்? ஒண்ணுக்கு, நீர் போறது, நீர்க்கடுப்பு, வெளிக்குப் போறது, ரெண்டுக்கு, அடி இறங்குறது. முதலில் தயக்கம் இருக்கும். ஆயா ஒருவர் ஒரு சொல்லைச் சொன்னதும் மற்றவர்கள் தொடர்வார்கள். "சிறுநீர் அடக்க இயலாமை" என்று கேஸ் ஷீட்டில் எழுதலாம். எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை பறிக்கும் பெண்ணிடம் அப்படிக் கேட்டால், அது ஏதோ பெரிய வியாதியின் பெயர் என்று நினைத்து இல்லை என்று சொல்லிவிடுவார்.

அடுத்தது நடித்துப் பார்ப்பது. இருவர் இருவராக உட்காரவையுங்கள். ஒருவர் நர்ஸ், ஒருவர் நோயாளி. நான் பழக்கும் உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போகும்:

"அக்கா, மூட்டை தூக்கறப்ப, சரிவுல எறங்கறப்ப, இருமறப்ப ஒண்ணுக்கு சொட்டுதுங்களா? கொழந்த பெத்த நெறைய பேருக்கு இருக்குது, அதான் எல்லாருகிட்டயும் கேக்கறேன்."

"அது எல்லாருக்கும் இருக்கறதுதானுங்களே நர்சம்மா."

"ஆமாங்க்கா, நெறைய பேருக்கு இருக்குது. ஆனா சரி பண்ணிக்கலாம். துணி வெக்கறீங்களா? ஒரு நாளைக்கு எத்தன மாத்தறீங்க?"

மூன்று இடங்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். முதல் கேள்வி உடம்பின் ஒரு அசைவைப் பற்றியது. வியாதியின் பெயர் அதில் இல்லை. "எல்லாருகிட்டயும் கேக்கறேன்" என்பது அந்தப் பெண்ணைத் தனியாகப் பிரித்துச் சுட்டாமல் காக்கிறது. மூன்றாவது, "எல்லாருக்கும் இருக்கறதுதானே" என்ற பதிலோடு பேச்சை முடித்துவிடாமல் துணியைப் பற்றிக் கேட்பது. எத்தனை துணி என்று தெரிந்தால் எவ்வளவு கசிகிறது என்பது தெரியும். எங்கெல்லாம் போவதை நிறுத்திவிட்டீர்கள் என்பது அதற்கடுத்த கேள்வி. கோயில், கல்யாணம், பஸ் பயணம், கணவனோடு படுப்பது. கடைசியை எல்லா நர்சும் முதல் நாளே கேட்டுவிட முடியாது. பழகட்டும்.

ஆண்களிடம் வேறு மாதிரி. "ஐயா, ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிக்கறீங்க? நீர் பிரியறதுக்கு முக்க வேண்டியிருக்குதுங்களா? முடிஞ்ச பெறகும் வேட்டியில சொட்டுதுங்களா?" பெரியவர்கள் இதற்குப் பதில் சொல்லிவிடுவார்கள். மருமகள் பக்கத்தில் நின்றால் மட்டும் சொல்ல மாட்டார்கள்.

உடற்கூறு: கால் மணி நேரம்

பெரிய படங்களோடு நேரத்தைச் செலவிட வேண்டாம். ஒரு பழைய சேலைத் துண்டை இருவர் இரண்டு பக்கமும் பிடிக்கட்டும். ஒரு முனை முன்பக்க எலும்பு, மறுமுனை வால் எலும்பு. நடுவில் தொங்கும் தூளிதான் இடுப்புத்தளத் தசைகள். அதன்மேல் மூன்று பாத்திரங்களை வையுங்கள்: சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல். தூளி இறுகினால் மூன்றும் தாங்கப்படும், வாசல்கள் மூடும். கர்ப்பத்தின் பாரம், பிரசவம், ஆண்டுக்கணக்கில் முக்கிப் போகிற மலச்சிக்கல், ஓயாத இருமல், உடல்பருமன் எல்லாம் தூளியைத் தளரவைக்கும். மாதவிடாய் நின்ற பிறகு திசுக்கள் மெலிவதும் இதோடு சேர்ந்துகொள்ளும். இவ்வளவு தெரிந்தால் மீதிப் பாடங்கள் புரியும்.

எந்த வகை என்று பிரிப்பது

இருமினால், தும்மினால், குடம் தூக்கினால் சொட்டுவது அழுத்தக் கசிவு. திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, பாத்ரூம் கதவைத் தொடுவதற்குள் நனைவது அவசரக் கசிவு. இரண்டும் கலந்தும் வரும். பை காலியாகாமல் நிறைந்து நிறைந்து சொட்டுவது நிரம்பி வழிதல். பைக்கு ஒரு குறையும் இல்லாமல், முழங்கால் தேய்ந்து எழ முடியாததால், பாத்ரூம் வீட்டுக்குப் பின்னால் இருட்டில் இருப்பதால், மறதி நோயால் நனைவதும் உண்டு. அங்கே மருந்தைவிட ஒரு கைப்பிடியும் ஒரு பல்பும் அதிகம் உதவும்.

நிரம்பி வழிதலை மட்டும் கையால் பழக்குங்கள். அடிவயிறு புடைத்திருக்கும் பெரியவரை, "சும்மா சொட்டிக்கிட்டே இருக்குது" என்று வீட்டார் பம்பர்ஸ் போட்டுக் கூட்டிவருவார்கள். தொப்புளுக்குக் கீழே விரலால் தட்டினால் மந்தமான ஓசை கேட்கும். உள்ளே ஒரு லிட்டர் தேங்கியிருக்கலாம். சிறுநீர் கழித்த பிறகு பையில் மீந்திருப்பதை ஸ்கேனில் அளந்தால், 50 மி.லி.க்குக் கீழ் இருந்தால் நன்றாகக் காலியாகிறது; 200க்கு மேல் இருந்தால் காலியாகவில்லை. நடுவில் உள்ளதை நோயாளியின் தொந்தரவோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாத்திரைச் சீட்டைப் படிப்பதும் இதே வகுப்பில்தான். நீர் பிரியும் மாத்திரையை மாலையில் போட்டால் இரவெல்லாம் எழ வேண்டியிருக்கும். சளி, அலர்ஜிக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகள் புராஸ்டேட் வீங்கிய பெரியவருக்குச் சிறுநீரை அடைத்துவிடும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் சிறுநீர் அதிகமாகத்தான் போகும். வயதானவரின் சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி தெரிந்தது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கொடுக்கக் கூடாது. எரிச்சல், காய்ச்சல், புதிதாகக் கடுப்பு என்று ஏதாவது அறிகுறி வேண்டும்.

உடனே அனுப்ப வேண்டியவர்கள்

இதை மட்டும் மனப்பாடம் செய்யவையுங்கள். சிறுநீரில் கண்ணுக்குத் தெரியும் ரத்தம். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, மலம் போகும் பழக்கத்தில் புதிய மாற்றம். சிறுநீர் முற்றிலும் நின்றுபோய் அடிவயிறு வலிப்பது. கஷ்டமான பிரசவத்துக்குப் பிறகு இரவும் பகலும் நிற்காமல் ஒழுகுவது. அது தசைத் தளர்ச்சியாக இல்லாமல் பைக்கும் பிறப்பு வழிக்கும் இடையே ஓட்டையாக இருக்கலாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்லுங்கள். முதுகு வலியோடு வந்தவர் தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய இடமும் மரத்துப்போனது என்று சொன்னால், கூடவே சிறுநீர் நின்றாலோ மலம் அடக்க முடியாமல் போனாலோ, அது முதுகுத்தண்டு நரம்பு நசுங்கும் அவசரம். நாளை பார்க்கலாம் என்று விட்டால் கால்களும் சிறுநீர்ப்பையும் திரும்பாமல் போகலாம். மலையிலிருந்து இறங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். யோசிக்காமல் 108ஐ அழைத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

இடுப்புத்தளப் பயிற்சியைச் சொல்லித்தருவது

அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதினார். அவர் பெயரிலேயே கெகல் பயிற்சி என்கிறோம். பெயர் எல்லோருக்கும் தெரியும். "கெகல் பண்ணுங்க" என்று ஓபியில் ஒரு வரியில் சொல்லி அனுப்பியும் விடுகிறோம். வீட்டுக்குப் போனவர் வயிற்றை எக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிட்டத்தை இறுக்கிக்கொண்டு நான்கு நாள் செய்துவிட்டு விட்டுவிடுவார். சிலர் இறுக்குவதற்குப் பதில் கீழே முக்குவார்கள், அது இருக்கிற தளர்ச்சியையும் கூட்டும்.

முதலில் பங்கேற்பவர்களே செய்யட்டும். சுருட்டிய துண்டை நாற்காலியில் நீளவாக்கில் போட்டு, அதன்மேல் உட்காரச் சொல்லுங்கள். கால் பாதங்கள் தரையில், தொடைகள் தளர்வாக. "கூட்டத்துல இருக்கீங்க, காத்துப் பிரியப் போகுது, அத அடக்கற மாதிரி உள்ள இழுங்க. அப்படியே முன்னால ஒண்ணுக்கு அடக்கற மாதிரியும் சேத்து மேல தூக்குங்க." துண்டிலிருந்து உள்ளுக்குள் ஏதோ எழும்புகிற உணர்வு வர வேண்டும். ஒரு கையை வயிற்றிலும் ஒரு கையைப் பிட்டத்திலும் வைத்து, அவை இறுகவில்லை என்று உறுதி செய்துகொள்ளட்டும். செய்துகொண்டே ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணச் சொல்லுங்கள். எண்ணும்போது மூச்சைப் பிடிக்க முடியாது. விடுவதும் பாடம்தான். இறுக்கிய நேரம் அளவுக்கு முழுதாகத் தளர வேண்டும்.

சிறுநீர் போய்க்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுவது பயிற்சி ஆகாது. தசை எது என்று தெரிந்துகொள்ள ஒரே ஒருமுறை செய்து பார்க்கலாம், அவ்வளவுதான். தினமும் அப்படிச் செய்தால் பை சரியாகக் காலியாகாது.

அளவு: ஒரு வேளைக்கு குறைந்தது 8 முறை, ஒரு நாளைக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். ஆரம்பத்தில் இரண்டு மூன்று நொடி தாங்கினாலே போதும், போகப்போக 10 நொடி வரை நீட்டலாம். கடைசியில் சில வேகமான இறுக்கல்கள். அப்புறம் அன்றாடத்துக்கான உத்தி ஒன்று: தும்மல் வருகிறது என்று தெரிந்ததும், மூட்டையில் கை வைத்ததும், முதலில் இறுக்கிக்கொண்டு பிறகு தும்முவது, தூக்குவது. பலருக்கு முதல் மாறுதல் தெரிவது இதில்தான்.

மறந்துபோகிறது என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. ஏற்காட்டில் வேலை செய்பவர்களுக்கு நான் சொல்வது மலைப்பாதையை. சேலத்திலிருந்து ஏறும் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. வளைவில் பஸ் திரும்பும்போது இறுக்குங்கள், நேர்ப்பாதையில் முழுதாக விடுங்கள். பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரியாது. தறிக்காரர்களுக்கு நூல் மாற்றும் நேரம், கொலுசுப் பட்டறைக்காரர்களுக்கு டீ வரும் நேரம் என்று அவரவர் நாளில் ஏற்கெனவே இருக்கிற ஒன்றோடு முடிச்சுப் போடுவது நர்சின் வேலை.

உள்பரிசோதனை செய்து தசையின் பலத்தை 0 முதல் 5 வரை மதிப்பிடும் முறை இருக்கிறது. அது தனியாகப் பயிற்சி பெற்ற டாக்டரும் பிசியோதெரபிஸ்டும் செய்வது. நோயாளியின் சம்மதமும், கூட ஒரு பெண் பணியாளரும் இல்லாமல் கூடாது. சிலருக்குத் தசை தளராமல், மாறாக எப்போதும் இறுகியே இருக்கும். அடிவயிற்று வலி, உறவின்போது வலி, சிறுநீர் தொடங்கச் சிரமம். அவர்களுக்கு இறுக்கும் பயிற்சி கேடு. பிசியோதெரபிஸ்டிடம் அனுப்புங்கள்.

"அடி இறங்கியிருக்கு" என்று, அதாவது கர்ப்பப்பை இறங்கி வருபவர்களுக்கும், இறக்கம் லேசாக இருந்தால் இந்தப் பயிற்சி பாரத்தைக் குறைக்கும். கர்ப்பப்பையைத் தாங்க உள்ளே வைக்கும் வளையமும் உண்டு. ஆபரேஷன் ஒன்றுதான் வழி என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் மறைத்து வாழ்பவர்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

பையைப் பழக்குவது

அவசரக் கசிவுக்கு. முட்டிக்கொண்டு வந்தால் ஓடக் கூடாது. நின்ற இடத்தில் நின்று, ஐந்தாறு முறை வேகமாக இறுக்கிவிட்டு, அந்த அலை தணிந்ததும் நடந்து போக வேண்டும். மணிக்கு ஒருமுறை போகிறவர் கால் மணி நேரம் தள்ளிப்போடட்டும். அது பழகியதும் இன்னொரு கால் மணி. 6 வாரமாவது பிடிக்கும். சொட்டுகிறதே என்று தண்ணீரைக் குறைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சிறுநீர் கெட்டியாகி, பை இன்னும் எரிச்சல் கொள்ளும். எஸ்டேட்டிலும் பட்டறையிலும் பெண்கள் தண்ணீர் குடிக்காததற்குப் பின்னால் கழிவறை இல்லாமை இருக்கிறது. அதை மேஸ்திரியிடமும் முதலாளியிடமும் பேசுவதும் சுகாதாரப் பணிதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். குறைக்க வேண்டியது டீ, காப்பியை.

மலம்

பிரிஸ்டல் மல அட்டவணை 7 வகைகளாகப் பிரிக்கிறது. 1997இல் வெளியானது, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தின் பெயர். படத்தைக் காட்டுவதைவிட, சப்பாத்தி மாவைக் கொடுத்து ஏழையும் உருட்டச் சொல்லுங்கள். ஆட்டுப் புழுக்கை மாதிரி தனித்தனி உருண்டை 1. உருண்டைகள் ஒட்டிய கட்டி 2. மேலே வெடிப்பு விட்ட உருளை 3. வாழைப்பழம் போல வழவழப்பானது 4. மெத்தென்ற துண்டுகள் 5. கூழ் 6. வெறும் தண்ணீர் 7. மூன்றும் நான்கும் நல்லவை. கையால் செய்தவர் மறக்க மாட்டார். நோயாளியிடமும் "புழுக்கையா, வாழைப்பழமா" என்று கேட்டுவிடுவார்.

இங்கே முக்கியமான ஒரு பொறி இருக்கிறது. படுத்த படுக்கையான பாட்டிக்குத் தண்ணியாகப் போகிறது என்று வீட்டார் நிறுத்தும் மாத்திரை கொடுப்பார்கள். உள்ளே பல நாள் மலம் கல்லாக இறுகி, அதன் ஓரமாக நீர் மட்டும் கசிந்துகொண்டிருக்கும். கடைசியாக எப்போது ஒழுங்காகப் போனார் என்று கேளுங்கள், வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். அதற்கு முன் மாத்திரை வேண்டாம்.

கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை மலத்தை இறுக்கும். அதைச் சொல்லாமல் கொடுத்தால் மாத்திரையைத்தான் நிறுத்துவார்கள். பிரசவமான வீட்டில் "பச்சை உடம்பு" என்று தண்ணீரைக் குறைப்பார்கள். தையல் போட்ட இடத்தோடு முக்கிப் போவது அந்தப் பெண்ணுக்குச் சித்திரவதை. மாமியாரையும் உட்காரவைத்து, வெந்நீராகவாவது தாராளமாகக் கொடுக்கச் சொல்லுங்கள். கீரை, கொய்யா, ராகி என்று நார்ச்சத்தைக் கூட்டலாம், தண்ணீரும் சேர்ந்து கூடினால்தான் பலன்.

காலை சாப்பிட்டு 20, 30 நிமிடத்தில் குடல் தானாக அசையும். அந்த நேரத்தை அவசரத்தில் தவறவிடாமல் போய் உட்காரப் பழக்க வேண்டும். குந்தி உட்காரும் நம் கழிவறையில் குடல் நேராகும். முழங்கால் முடியாமல் வெஸ்டர்ன் கழிவறைக்கு மாறியவருக்குக் காலடியில் ஒரு குட்டை ஸ்டூல் கொடுங்கள், முட்டி இடுப்பைவிட உயர்ந்து நிற்கட்டும்.

யூரின் டியூப்

ஒருமுறை ஏற்காடு பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரு பெரியவர். அன்றுதான் டிஸ்சார்ஜ் ஆகியிருந்தார். வேட்டிக்குள்ளிருந்து வந்த டியூப் ஒரு மஞ்சப்பைக்குள் போனது. பத்திரமாக இருக்கட்டும் என்று மகன் அந்த மஞ்சப்பையை ஜன்னல் கம்பியில், பெரியவரின் தோள் உயரத்துக்கு மாட்டியிருந்தார். ஒவ்வொரு வளைவிலும் பை ஆட, டியூபில் சிறுநீர் திரும்பி உடம்பை நோக்கிப் போனது. மகன் மீது ஒரு தப்பும் இல்லை. பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எழுந்து போய் அதைக் கழற்றி, முழங்காலுக்குக் கீழே கட்டிவிட்டேன்.

ஆகவே டியூப் பாடத்தை டிஸ்சார்ஜிலிருந்து பின்னோக்கி நடத்துங்கள். வீட்டார் கையில் பையைக் கொடுத்து, கட்டச் சொல்லி, காலி செய்யச் சொல்லி, கை கழுவச் சொல்லிப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். பை தரையைத் தொடக் கூடாது. டியூபும் பையும் சேரும் இடத்தைத் தேவையில்லாமல் பிரிக்கக் கூடாது. போட்ட தேதியும் எடுக்க வேண்டிய தேதியும் சீட்டில் பெரிதாக இருக்க வேண்டும்.

வார்டில் தினமும் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இன்று இந்த டியூப் தேவையா? நர்சுக்கு வேலை குறைகிறது, பெட் நனையவில்லை என்பதெல்லாம் காரணம் ஆகாது. டியூப் இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமித் தொற்றுக்கு வாய்ப்பு ஏறுகிறது. எடுப்பதற்கு முன் கிளிப் போட்டு மூடி மூடித் திறப்பது பல இடங்களில் பழக்கம். அதனால் பயன் இல்லை, நேராக எடுக்கலாம். எடுத்த 6 மணி நேரத்துக்குள் சிறுநீர் போனாரா, எத்தனை மி.லி. என்று அளந்து எழுத வேண்டும். பிரசவமான பெண்ணுக்கும் இதே 6 மணி நேரக் கணக்குதான். நீண்ட பிரசவ வலி, ஆயுதப் பிரசவம், முதுகில் மயக்க ஊசி என்றால் இன்னும் கவனம். ஒரே ஒருமுறை சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி விரிந்து தசை நலிந்தால் வாரக்கணக்கில் அவதி.

முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு நிரந்தர டியூபை விட, ஒரு நாளைக்கு 4 முதல் 6 முறை தானே டியூப் விட்டு எடுப்பது நல்லது. சுத்தமான கையும் சுத்தமான டியூபும் போதும் என்பதை ஜாக் லாப்பிடெஸ் 1972இல் காட்டினார். நடு மார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ முதுகுத்தண்டு அடிபட்டவர் தலை பிளக்கும் வலி, வியர்வை, எகிறும் பிரஷரோடு வந்தால் டியூப் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, அடைப்பை நீக்குங்கள். இது உயிருக்கு ஆபத்தான நிலை.

தோல்

நனைந்த தோலைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தடுப்புக் களிம்பு போட வேண்டும். பவுடர் வேண்டாம். பம்பர்ஸ் தேவைப்படுபவருக்குத் தேவைதான். காரணத்தைத் தேடிய பிறகு போடுங்கள்.

மூன்றாவது மாதக் கூட்டம்

பயிற்சி முடிந்த அன்று வைக்கும் கேள்வித்தாளில் எல்லோரும் நன்றாக எழுதுவார்கள். அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய வேண்டாம். நோட்டுகளைப் பாருங்கள். கர்ப்பிணிப் பதிவேட்டிலும் சர்க்கரை நோயாளிகள் பதிவேட்டிலும் ஒரு புதிய கட்டம் போட்டு, "கேட்டாச்சா" என்று தலைப்பிடுங்கள். வார்டுக்கு "இன்று டியூப் தேவையா?" என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொடுங்கள். கேஸ் ஷீட்டில் தினமும் அந்த ஸ்டாம்ப் விழுந்திருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டும் நர்சும் வீட்டுக்கே போகிறார்கள். பயிற்சியில் கண்டறிந்தவர்களின் பட்டியல் அவர்கள் கைக்குப் போக வேண்டும். 6 வாரத்தில் ஒருமுறை போனிலாவது கேட்க வேண்டும், ஏனென்றால் பலனே தெரியவில்லை என்று பெண்கள் கைவிடுவது அந்தச் சமயத்தில்தான்.

மூன்றாவது மாதம் வரும்போது ஒவ்வொருவரும் ஒரு நோயாளியின் மூன்று நாள் குறிப்புகள் இரண்டைக் கொண்டுவரட்டும், பயிற்சிக்கு முன்னால் ஒன்று, இப்போது ஒன்று. பெயரை மறைத்துவிட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மாறாத நோயாளியின் குறிப்பைத்தான் அதிக நேரம் படிக்க வேண்டும். யார் அடுத்துப் பார்ப்பது, எங்கே அனுப்புவது என்று அங்கேயே முடிவு செய்து, அனுப்பும் சீட்டை எழுதிக் கையில் கொடுங்கள்.